கப்பல் போன பின் துறை யாருக்கு? லண்டன் டாக்லாண்ட்ஸின் வீழ்ச்சியும் மறுவாழ்வும்

உலகின் பழைய துறைமுக நகரங்கள் பலவற்றுக்கும் இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் ஒரே கதிதான் நேர்ந்தது. நகரத்துக்கு நடுவே, ஆற்றங்கரையில், தலைமுறை தலைமுறையாகச் சரக்கு இறங்கிய துறைகள் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் ஓய்ந்துபோயின. கப்பல்கள் ஆழமான முகத்துவாரங்களைத் தேடிப் போய்விட்டன. துறையை நம்பி வாழ்ந்தவர்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். வெறுமையாகிப்போன அந்த நிலத்தை என்ன செய்வது, யாருக்காகச் செய்வது என்ற கேள்விக்கு பால்டிமோர், லிவர்பூல், ஹாம்பர்க் என்று ஊருக்கு ஊர் வெவ்வேறு விடை சொல்லியிருக்கிறார்கள்.

இந்த விவாதம் எங்கே எழுந்தாலும் முதலில் பேச்சில் அடிபடும் ஊர் லண்டன். டவர் பாலத்துக்குக் கிழக்கே தேம்ஸின் இரு கரைகளிலும் பரந்து கிடக்கும் டாக்லாண்ட்ஸ் பகுதியில், மறுசீரமைப்புக்கென 1981-இல் எல்லை வகுக்கப்பட்ட நிலம் மட்டும் சுமார் 22 சதுர கிலோமீட்டர். கடைசிக் கப்பல்துறைகள் வணிகத்துக்கு மூடப்பட்டதும் அதே ஆண்டில்தான். இன்று அதன் நடுவே, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்க்கும் நிதி வணிக மையமாகக் கேனரி வார்ஃப் நிற்கிறது. அரசு ஒதுங்கி நின்று சந்தைக்கு வழிவிட்டதால் கிடைத்த வெற்றி இது என்கிறது ஒரு தரப்பு. உழைத்த மக்களின் கரையை வங்கிகளுக்குத் தாரை வார்த்த கதை என்கிறது மறுதரப்பு.

நாற்பது ஆண்டுக்கும் மேலாக நடக்கும் இந்த வழக்கில் இரு பக்கத்துச் சாட்சியங்களையும் எடுத்துப் பார்த்தால், இரண்டு தீர்ப்பும் அரைகுறை என்றே தோன்றுகிறது. டாக்லாண்ட்ஸை எழுப்பியதில் சந்தைக்கு இருந்த பங்குக்குக் குறையாத பங்கு பொதுப்பணத்துக்கும் இருந்தது. அங்கிருந்த மக்கள் இழந்ததும் தலைவிதியால் வந்த இழப்பு அல்ல. நிலம் எந்த நிபந்தனையின் பேரில் கைமாறியது என்பதே யாருக்கு என்ன கிடைத்தது என்பதைத் தீர்மானித்தது. இக்கட்டுரையின் வாதம் அதுதான்.

மதிலுக்குள் ஒரு தொழில்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தேம்ஸில் கப்பல் நெரிசல் தாங்க முடியாததாக இருந்தது. சரக்கு இறக்க வாரக்கணக்கில் காத்துக்கிடக்க வேண்டும். காத்துக்கிடக்கும்போதே சரக்கு களவு போகும். இதற்கு வணிகர்கள் கண்ட வழி, ஆற்றை விட்டு உள்ளே தள்ளிப் பெரும் குளங்களை வெட்டி, மதகுக் கதவு வைத்து நீரை ஒரே மட்டத்தில் நிறுத்தி, சுற்றிலும் மதில் எழுப்பிவிடுவது. 1802-இல் ஐல் ஆஃப் டாக்ஸ் என்னும் தேம்ஸ் வளைவு நிலத்தில் திறக்கப்பட்ட வெஸ்ட் இண்டியா கப்பல்துறை இந்த முறையில் எழுந்த முதல் பெருந்துறை. அதன் மதில் 20 அடி உயரம். கரீபியத் தீவுகளில் அடிமைகளின் உழைப்பில் விளைந்த சர்க்கரையும் ரம்மும் அங்கே இறங்கின. துறையை அமைப்பதில் முன்னின்ற ராபர்ட் மில்லிகன், ஜமைக்காவில் அடிமைகளை வைத்துத் தோட்டம் நடத்திய வணிகர். துறையருகே நின்ற அவர் சிலை 2020 ஜூனில்தான் அகற்றப்பட்டது.

அடுத்தடுத்து 1805-இல் வாப்பிங்கில் லண்டன் டாக், 1806-இல் ஈஸ்ட் இண்டியா டாக், 1828-இல் செயின்ட் கேதரின் டாக் என்று துறைகள் பெருகின. 1855-இல் தொடங்கி 1921 வரை ராயல் டாக்ஸ் என்னும் மூன்று பெரும் நீர்ப்பரப்புகள் சேர்ந்தன. இதில் செயின்ட் கேதரின் துறையின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதை வெட்டுவதற்காக 1,250 வீடுகள் இடிக்கப்பட்டு, பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலோருக்கு இழப்பீடு என்று எதுவும் கிடைக்கவில்லை. தண்ணீரோரத்து நிலத்துக்கு மதிப்பு வந்துவிட்டால் அங்கே குடியிருப்பவர்களின் காலடி ஆட்டங்காணும் என்பது டாக்லாண்ட்ஸுக்குப் பிறவியிலேயே வந்த குணம்.

மதிலுக்குள் போய்வந்த தொழிலாளியின் வாழ்க்கை அன்றாடங்காய்ச்சி வாழ்க்கை. காலை ஏழே முக்காலுக்குத் துறை வாசலில் கூட்டம் கூடும். உயரமான இடத்தில் நின்று கங்காணி ஆட்களைப் பொறுக்குவார். அவர் கண்ணில் படுவதற்காக ஒருவரையொருவர் நெட்டித் தள்ளிக்கொண்டு நூற்றுக்கணக்கானோர் கையை நீட்டுவார்கள். பேர் கூப்பிடாதவர்கள் மதியத்துக்கு மேல் மறுபடி வந்து நிற்க வேண்டும். ஓதம் மாறினாலும் மூடுபனி இறங்கினாலும் கப்பல் வராது. கப்பல் வராவிட்டால் கூலியும் இல்லை. 1889-இல் பென் டில்லெட், டாம் மான், ஜான் பர்ன்ஸ் ஆகியோர் தலைமையில் ஐந்து வாரம் நடந்த பெரும் வேலைநிறுத்தம் மணிக்கு ஆறு பென்ஸ் கூலியைப் பெற்றுத் தந்தது. வாசலில் ஆள் பொறுக்கும் வழக்கத்தை அதனால் ஒழிக்க முடியவில்லை. 1947-இல் வந்த தேசியத் துறைமுகத் தொழிலாளர் திட்டம் பதிவுபெற்ற தொழிலாளிக்கு, வேலையில்லாத நாளிலும் ஒரு சிறு தொகை கிடைக்க வழிசெய்தது. நிரந்தர வேலை 1967-இல்தான் வந்தது. லண்டன் துறைகளில் முதலாவதாக ஈஸ்ட் இண்டியா டாக் மூடப்பட்டதும் அந்த 1967-இல்தான். தலைமுறை தலைமுறையாகக் கேட்ட உரிமை கைக்கு வந்தபோது தொழிலே கையைவிட்டு நழுவத் தொடங்கியிருந்தது.

ஏன் ஓய்ந்தது?

1940 செப்டம்பர் 7 அன்று தொடங்கிய ஜெர்மன் குண்டுவீச்சில் டாக்லாண்ட்ஸ் பற்றி எரிந்தது. சர்ரி டாக்ஸின் மரக்கிடங்குகள் எரிந்த வெளிச்சம் தொலைவு வரை தெரிந்தது. அந்த அழிவிலிருந்தும் துறைமுகம் எழுந்துகொண்டது. 1960-களின் தொடக்கத்தில் லண்டன் துறைமுகம் முழுவதுமாக ஆண்டுக்கு 6 கோடி டன் சரக்கைக் கையாண்டது. அதற்கு முன் எட்டாத உச்சம் அது. போரால் சாகாத துறை அமைதிக் காலத்தில் செத்தது எப்படி?

தொழிற்சங்கங்களின் பிடிவாதமே காரணம் என்பது அன்று பத்திரிகைகள் சொன்ன எளிய விடை. வேலைநிறுத்தங்கள் நடந்தன என்பது உண்மை. ஆனால் சங்கங்கள் அடங்கியிருந்த ஊர்களிலும் நகர்நடுத் துறைகள் மூடப்பட்டனவே! காரணத்தைச் சரக்கின் வடிவத்தில்தான் தேட வேண்டும். 1956-இல் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் இரும்புப் பெட்டகங்களை ஏற்றி அனுப்பிய நாளிலிருந்து கணக்கு மாறத் தொடங்கியது. மூட்டையும் பீப்பாயும் பெட்டியுமாக வந்த சரக்கை இறக்கப் பெரும் ஆட்படையோடு நாட்கணக்காகும். அதே சரக்கு கன்டெய்னரில் வந்தால் சில ஆட்களும் ஒரு கிரேனும் போதும். ஓரிரு நாளில் கப்பல் கிளம்பிவிடும்.

இதற்கு வேண்டியவை ஆழமான நீர், அகலமான வெட்டவெளி, லாரி ஓடும் நெடுஞ்சாலை, ரயில் பாதை. ஐல் ஆஃப் டாக்ஸில் இவை எதுவும் இல்லை. பாய்மரக் கப்பலுக்கு அளவெடுத்த மதகு வழியே புதிய கப்பல்கள் நுழைய முடியாது. கரையோரமெல்லாம் மாடிக் கிடங்குகள். பெட்டகங்களை அடுக்கி வைக்க இடமில்லை. லண்டன் துறைமுக ஆணையம் தன் முதலீட்டை ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்த டில்பரிக்குத் திருப்பியது. 1947-இன் தொழிலாளர் திட்டத்தின் எல்லைக்கு வெளியே இருந்த ஃபீலிக்ஸ்டோ துறைமுகம் வேகமாக வளர்ந்தது. 1968-இல் செயின்ட் கேதரின், அடுத்த ஆண்டில் லண்டன் டாக், 1970-இல் சர்ரி, 1980-இல் வெஸ்ட் இண்டியாவும் மில்வாலும், 1981-இல் ராயல் டாக்ஸ் என்று வரிசையாகக் கதவுகள் சாத்தப்பட்டன.

வேலை மறைந்துபோனது என்று சொல்வதைவிட இடம் மாறியது என்று சொல்வதே சரி. துறையில் நடந்த சரக்குப் பிரிப்பும் அடுக்கலும் உள்நாட்டுக் கிடங்குகளுக்குப் போயின. அங்கே பதிவுபெற்ற துறைமுகத் தொழிலாளியின் உரிமைகளும் கூலியும் இல்லை. கிழக்கு லண்டன் தொழிலாளர்கள் இதைச் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்கள். 1972 ஜூலையில் அப்படி ஒரு கிடங்கின் வாசலில் மறியல் செய்ததற்காக ஐந்து பேர் பென்டன்வில் சிறையில் அடைக்கப்பட்டார்கள். நாடு முழுவதும் எழுந்த கொந்தளிப்பில் சில நாட்களிலேயே விடுவிக்கப்பட்டார்கள். சிறையிலிருந்து அவர்களை மீட்க முடிந்தது. தொழிலை மீட்கும் வழி யாரிடமும் இல்லை.

வீணான பத்தாண்டு

மறுசீரமைப்பு 1981-இல் வானத்திலிருந்து குதித்தது போலப் பேசுவது வழக்கம். அதற்கு முந்தைய பத்தாண்டில் நடந்ததைப் பார்க்காமல் பிந்தைய கதை விளங்காது. 1970 மார்ச் 1 அன்று ஐல் ஆஃப் டாக்ஸ் மக்கள் பாலங்களை மறித்து, தங்கள் தீவைத் தனி நாடாக அறிவித்தார்கள். முன்னின்றவர் டெட் ஜான்ஸ் என்ற லேபர் கட்சி நகராட்சி உறுப்பினர். ஒழுங்கான பஸ் இல்லை, பள்ளிகள் போதவில்லை, மருத்துவ வசதி இல்லை, கடைகண்ணி இல்லை என்பவை அவர்களின் குறைகள். சில மணி நேரம் மட்டுமே நீடித்த அந்தப் போராட்டம் உலகப் பத்திரிகைகளில் இடம்பிடித்தது. அவர்கள் கேட்டவை எல்லாம் ஒரு சாதாரண நகர்ப்புறத்துக்கு இருக்க வேண்டியவை.

அரசாங்கம் ஆலோசனைக் குழுக்களை அமைத்தது. 1973-இல் ஒரு தனியார் நிறுவனம் தீட்டித் தந்த திட்டங்களை மக்கள் ஏற்கவில்லை. 1974-இல் பெருலண்டன் கவுன்சிலும் ஐந்து உள்ளாட்சிகளும் சேர்ந்து கூட்டுக் குழு அமைத்தன. அந்தக் குழு 1976-இல் வெளியிட்ட திட்டம் நகராட்சி வாடகை வீடுகளையும், அந்த வட்டாரத்துத் தொழிலாளிக்கு ஏற்ற தொழிற்சாலை வேலையையும், பொதுப் போக்குவரத்தையும் முன்வைத்தது. யாருக்காக என்ற கேள்விக்கு அது தெளிவாக விடை சொன்னது. பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அதனிடம் விடை இல்லை. அதே 1976-இல் பிரிட்டன் ஐ.எம்.எஃப். வாசலில் கடனுக்கு நின்றது. பொதுச் செலவு வெட்டப்பட்டது. நாடெங்கும் தொழிற்சாலைகள் மூடப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் டாக்லாண்ட்ஸுக்குப் புதிய ஆலைகள் எங்கிருந்து வரும்? நிலமோ துறைமுக ஆணையம், எரிவாயு வாரியம், உள்ளாட்சிகள் என்று பல கைகளில் சிதறிக் கிடந்தது. நல்ல எண்ணம் கொண்ட திட்டம் காகிதத்திலேயே தங்கியது. அடுத்து வந்தவர்களுக்கு, உள்ளாட்சிகளால் எதுவும் நடக்காது என்று சொல்ல அதுவே வாய்ப்பாயிற்று.

கழகம், கோபுரம், கடன்

1979-இல் ஆட்சிக்கு வந்த தாட்சர் அரசில் சுற்றுச்சூழல் துறை அமைச்சராக இருந்த மைக்கேல் ஹெசல்டைன், 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் லண்டன் டாக்லாண்ட்ஸ் வளர்ச்சிக் கழகத்தை உருவாக்கினார். 1981-இல் பணி தொடங்கிய கழகத்தின் கையில் மூன்று அதிகாரங்கள் இருந்தன. பொது நிறுவனங்களின் நிலத்தை எடுத்துக்கொள்ளலாம். கட்டட அனுமதி வழங்கலாம். மத்திய அரசின் பணத்தைச் செலவிடலாம். டவர் ஹாம்லெட்ஸ், நியூஹாம், சதர்க் ஆகிய மூன்று உள்ளாட்சிகளிடமிருந்து அந்தப் பகுதியின் திட்ட அதிகாரம் பறிபோயிற்று. 1982-இல் ஐல் ஆஃப் டாக்ஸின் ஒரு பகுதி பத்தாண்டுக்குத் தொழில் ஊக்க மண்டலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே கட்டுபவருக்குச் சொத்து வரி இல்லை. கட்டுமானச் செலவு முழுவதையும் வரியில் கழித்துக்கொள்ளலாம். பெரும்பாலான கட்டடங்களுக்குத் தனியே அனுமதி கேட்கவும் வேண்டாம்.

கழகத்தின் ஒரு முடிவுக்கு இன்றும் நன்றி சொல்ல வேண்டும். அதுவரை மூடிய துறைகளை மண் கொட்டித் தூர்ப்பதே வழக்கமாக இருந்தது. வாப்பிங்கிலும் சர்ரியிலும் பெரும் நீர்ப்பரப்புகள் அப்படித்தான் போயின. முதல் தலைமை நிர்வாகியான ரெக் வார்டு அதை நிறுத்தினார். தண்ணீர்தான் இந்த நிலத்தின் சொத்து என்று அவர் கண்டுகொண்டார். டாக்லாண்ட்ஸில் இன்று கண்ணுக்கு விரியும் நீர்வெளி மிஞ்சியது அந்த முடிவால்தான்.

1987-இல் டாக்லாண்ட்ஸ் இலகு ரயில் ஓடத் தொடங்கியது. பழைய ரயில் பாதைகளையும் பாலங்களையும் பயன்படுத்தி 7.7 கோடி பவுண்டில் முடித்த சிக்கனமான பணி. அதே ஆண்டில் ராயல் டாக்ஸின் நீர்ப்பரப்புகளுக்கு இடையே லண்டன் சிட்டி விமான நிலையம் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில் லண்டன் பங்குச்சந்தையின் பழைய கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டன. வங்கிகளுக்குப் பரந்த தளம் கொண்ட அலுவலகங்கள் தேவைப்பட்டன. பழைய நிதி நகரமான சிட்டியில் இடமில்லை. ரைக்மன் சகோதரர்களின் கனடிய நிறுவனமான ஒலிம்பியா அண்ட் யார்க் 1987-இல் கேனரி வார்ஃப் திட்டத்தைக் கையிலெடுத்தது. கேனரித் தீவுகளிலிருந்து வந்த பழங்கள் இறங்கிய துறையில், சீசர் பெல்லி வடிவமைத்த 235 மீட்டர் கோபுரம் எழுந்தது. பிரிட்டனிலேயே உயரமான கட்டடமாக அது இருபது ஆண்டு நின்றது.

கோபுரம் 1991-இல் திறக்கப்பட்டபோது சொத்துச் சந்தை சரிந்திருந்தது. தளங்கள் காலியாகக் கிடந்தன. குறைந்த செலவில் போட்ட ரயிலால் அலுவலகக் கூட்டத்தைச் சுமக்க முடியவில்லை. 1992 மே மாதத்தில் அந்த நிறுவனம் கடனில் மூழ்கியது. திட்டம் கடன்காரர்கள் கைக்குப் போயிற்று. அதைத் தூக்கி நிறுத்தியதில் பெரும்பங்கு ஜூபிலி மெட்ரோ நீட்டிப்புக்கு உண்டு. 1999-இல் திறந்த அந்தப் பாதைக்கு ஏறக்குறைய 350 கோடி பவுண்டு செலவானது. பெரும்பகுதி அரசுப் பணம். சந்தையின் வெற்றி என்று சொல்பவர்கள் இந்த ஒரு வரவு செலவைக் கூர்ந்து பார்க்க வேண்டும். வரிச்சலுகை, நிலம், சாலை, சுரங்கப்பாதை, ரயில் என்று பொதுக் கை கோத்த பிறகுதான் தனியார் கை நிமிர்ந்தது.

கணக்குப் பார்த்தால்

1998 மார்ச்சில் கழகம் தன் பணியை முடித்துக்கொண்டபோது வெளியிட்ட கணக்கு இது: அரசுப் பணம் 186 கோடி பவுண்டு, தனியார் முதலீடு 770 கோடி, புதிய வீடுகள் 24,046, சாலைகள் 144 கிலோமீட்டர். 1981-இல் சுமார் 27,000 பேர் வேலை பார்த்த நிலத்தில் 85,000 பேர் வேலை பார்த்தார்கள். சுமார் 39,000-ஆக இருந்த மக்கள்தொகை இரண்டு மடங்குக்கு மேலாகியது. பள்ளிகளுக்கும் சுகாதார நிலையங்களுக்கும் கழகம் பணம் தந்தது. இவற்றைச் சிறுமைப்படுத்திப் பேசுவது நியாயமாகாது. 1981-இல் நச்சு மண்ணும் உடைந்த கிடங்குமாக நின்ற இடத்தில் வேலையும் வீடும் ரயிலும் வந்தன.

ஆனால் அந்த 85,000 வேலைகள் யாருடையவை? கணிசமான பகுதி லண்டனின் வேறிடங்களிலிருந்து பெயர்ந்து வந்த வேலைகள். ஐம்பது வயதில் சரக்குக் கொக்கியைக் கீழே வைத்தவர் பங்கு வணிக மேசையில் போய் உட்கார முடியாது. அவர் மகனுக்கும் மகளுக்கும் கிடைத்தவை காவல், துப்புரவு, கேன்டீன் வேலைகள். நிதி வணிகத்துக்கு வெளியிலிருந்து வந்த தொழிலிலும் கசப்பே மிஞ்சியது. வாப்பிங்கில் புதிய அச்சகம் கட்டிய ரூப்பர்ட் மர்டாக்கின் நியூஸ் இன்டர்நேஷனல், 1986-இல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய அச்சுத் தொழிலாளர்களை ஒரே நேரத்தில் வேலைநீக்கம் செய்தது. ஓராண்டு நீண்ட மறியல் தொழிலாளர்களின் தோல்வியில் முடிந்தது.

வீட்டுக் கணக்கு இன்னும் தெளிவாகப் பேசும். 1981-இல் அந்தப் பகுதியில் சொந்த வீட்டில் இருந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவே. பெரும்பாலோர் நகராட்சி வாடகை வீட்டுக்காரர்கள். கழகக் காலத்தில் கட்டிய வீடுகளில் பெரும்பகுதி விற்பனைக்கானவை. தொடக்கத்தில் சில வீடுகள் உள்ளூர்வாசிகளுக்கு முன்னுரிமை விலையில் ஒதுக்கப்பட்டாலும், விலை ஏறிய வேகத்தில் அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. டவர் பாலத்துக்குத் தென்கிழக்கே ஷாட் தேம்ஸ் தெருவில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பட்லர்ஸ் வார்ஃப் கிடங்குகளில் தேயிலையும் வாசனைச் சரக்குகளும் அடுக்கியிருந்த காலத்தில், செங்கல் சுவருக்குள் பட்டை, கிராம்பு, ஏலம் மணக்கும். தெருவுக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் இரும்பு நடைபாலங்களில் பீப்பாய்களை உருட்டிச் செல்வார்கள். இன்றும் அந்தப் பாலங்கள் இருக்கின்றன. இரு பக்கத்து வீட்டுக்காரர்களும் பூந்தொட்டி வைக்கும் மாடங்களாக. கட்டடங்களுக்குப் பெயர் சின்னமன் வார்ஃப், கார்டமம் பில்டிங், க்ளோவ் பில்டிங். சுவரைக் காப்பாற்றிய அக்கறை பாராட்டுக்குரியது. அதே அக்கறை, அந்தச் சுவருக்குள் மூட்டை சுமந்தவர்களின் வாரிசுகளுக்கும் அங்கே ஒரு வீட்டை மிச்சம் வைத்திருக்க வேண்டும்.

வீட்டுப் பஞ்சம் அரசியலிலும் நஞ்சு கலந்தது. ஆற்றைப் பார்த்த மாடிகளில் புதியவர்கள் குடியேற, நகராட்சி வீட்டு வரிசையில் பழைய வெள்ளைத் தொழிலாளர் குடும்பங்களும் வங்கதேசக் குடும்பங்களும் நின்றன. பற்றாக்குறைக்குக் காரணம் பக்கத்தில் நிற்பவர் என்று சொல்லிக்கொடுக்க ஆளும் வந்தது. 1993 செப்டம்பரில் மில்வால் வட்டார இடைத்தேர்தலில், இனவெறிக் கட்சியான பி.என்.பி. ஏழு வாக்கு வித்தியாசத்தில் வென்றது; அந்தக் கட்சிக்கு அதுவே முதல் உள்ளாட்சி இடம். அடுத்த ஆண்டே மக்கள் அதைத் தோற்கடித்தார்கள். ஆனாலும் நாட்டின் மிக உயர்ந்த கட்டடத்தின் நிழலில் இது நடந்தது என்பதைச் சீரமைப்பின் வரலாற்றில் அடிக்குறிப்பாக ஒதுக்கிவிட முடியாது. கேனரி வார்ஃப் அடங்கியிருக்கும் டவர் ஹாம்லெட்ஸ், குழந்தை வறுமை மிகுந்த இங்கிலாந்து வட்டாரங்களில் ஒன்றாக இன்றும் தொடர்கிறது.

கேட்கப்படாத திட்டம்

மக்களுக்கு எதிர்க்கத்தான் தெரிந்தது, மாற்று சொல்லத் தெரியவில்லை என்ற பேச்சு உண்டு. அது சரியல்ல. 1983-இல் ராயல் டாக்ஸ் பகுதி மக்கள், பெருலண்டன் கவுன்சிலின் உதவியோடு தங்களுக்கென ஒரு மக்கள் திட்டத்தை எழுதி வெளியிட்டார்கள். அங்கே வரவிருந்த விமான நிலையத்துக்கு மாற்றாக அவர்கள் கேட்டவை தோட்டமுள்ள வீடுகள், குழந்தைக் காப்பகம், கப்பல் பழுதுபார்ப்பு போன்ற கைத்தொழில் வேலைகள், ஆற்றுப் போக்குவரத்து. ஓவியர்களான பீட்டர் டன்னும் லொரெய்ன் லீசனும் மக்கள் அமைப்புகளோடு சேர்ந்து தெருவோரங்களில் பெரும் சுவரொட்டிகளை நிறுவினார்கள். படகுகளில் ஊர்வலமாக நாடாளுமன்றத்துக்கே மனு கொண்டு போனார்கள். ஆனால் அதிகாரம் கழகத்திடம் இருந்தது. 1986-இல் பெருலண்டன் கவுன்சிலே கலைக்கப்பட்டது.

இந்த எதிர்ப்பு முழுக்க வீண் போகவில்லை. 1980-களின் இறுதியில் கழகம் நியூஹாமோடும் டவர் ஹாம்லெட்ஸோடும் உடன்பாடுகளுக்கு வந்து, சமூக வீடுகளுக்கும் தொழிற்பயிற்சிக்கும் பணம் ஒதுக்கியது. அதற்குள் விலைமதிப்பான நிலத்தில் பெரும்பகுதி கைமாறியிருந்தது. நியூஹாமில் கட்டித் தருவதாக உறுதியளித்த வீடுகள் பலவும் தனியார் கட்டுமானத்தை நம்பியிருந்தன. சொத்துச் சந்தை சரிந்ததும் வாக்குறுதியும் சேர்ந்து சரிந்தது. நிபந்தனை நிலத்தை விற்ற பிறகு வந்தால் அது வேண்டுகோளாகிவிடும்.

வேறு வழி இருந்ததா?

இருந்தது என்பதற்கு அதே ஆற்றங்கரையில் சாட்சி இருக்கிறது. வாட்டர்லூ பாலத்துக்கு அருகே காயின் ஸ்ட்ரீட் பகுதியில் அலுவலகக் கோபுரங்கள் கட்டவிருந்த நிலத்துக்காக, அக்கம்பக்கத்தார் 1970-களில் போராடத் தொடங்கினார்கள். 1984-இல் பெருலண்டன் கவுன்சில் 13 ஏக்கர் நிலத்தை, குறைந்த வாடகை வீடுகளுக்கும் பொதுப் பயன்பாட்டுக்கும் என்று நிபந்தனை போட்டு, மக்கள் அமைத்த நிறுவனத்துக்கு 10 லட்சம் பவுண்டுக்கு விற்றது. நிபந்தனை இருந்ததால்தான் விலை எளிய மக்களுக்கு எட்டியது. இன்று அங்கே கூட்டுறவு முறையில் 220 வீடுகள், ஆற்றோரப் பூங்கா, புதுப்பிக்கப்பட்ட ஆக்ஸோ கோபுரம் ஆகியவை இருக்கின்றன. கடை வாடகை வருமானம் பொதுப்பணிக்குத் திரும்புகிறது. அளவில் சிறியது என்பது உண்மை. ஆனாலும் லண்டனின் நடுமையத்தில், ஆற்றைப் பார்த்த வீட்டில் ஒரு பஸ் ஓட்டுநர் குடும்பம் வாழ முடியும் என்று அது நிரூபித்தது.

பெரிய அளவில் வேறு பாதையில் போன ஊர் ஹாம்பர்க். 157 ஹெக்டேர் பழைய துறைமுக நிலத்தில் ஹாஃபன்சிட்டி என்ற நகர்ப்பகுதியை எழுப்பும் திட்டம் 1997-இல் அறிவிக்கப்பட்டு, 2000-இல் முழுவடிவம் பெற்றது. அங்கே நிலம் நகரத்தின் கையில் இருந்தது. விற்பனையில் வரும் பணம் தனி நிதியாகச் சேர்ந்து, சாலைக்கும் பாலத்துக்கும் பூங்காவுக்கும் திரும்பியது. மனை கேட்டு வரும் நிறுவனங்களைத் தேர்வதில் விலையைவிடத் திட்டத்தின் தரத்துக்குக் கூடுதல் எடை உண்டு. நகரத்தோடு சேர்ந்து திட்டத்தை முடித்த பிறகே நிலம் கைமாறும். ஹாம்பர்க்கிலும் குறைகள் உண்டு. முதலில் எழுந்த மேற்குப் பகுதி வசதி படைத்தோருக்கானதாகவே அமைந்தது. எல்ப்ஃபில்ஹார்மனி இசை அரங்கத்தில் நகரத்தின் பங்கு 7.7 கோடி யூரோ என்று தொடங்கி 78.9 கோடியில் முடிந்தது. ஆனால் விமர்சனம் எழுந்ததும் பின்வந்த பகுதிகளில் மூன்றில் ஒரு பங்கு வீடுகளை மானிய வாடகைக்கு ஒதுக்க முடிந்தது. நிலம் இன்னும் கையில் இருந்ததால்தான் அது முடிந்தது. லண்டனிலோ திருத்திக்கொள்ள நினைத்தபோது நிலம் போய்விட்டிருந்தது.

நமக்கும் இதில் பங்கு உண்டு

இலங்கை மலையகத்தில் தமிழ்த் தொழிலாளர் கொய்த தேயிலை, பெட்டி பெட்டியாக வந்து குவிந்தது இந்தத் துறைகளின் கிடங்குகளில்தான். லண்டன் தேயிலை ஏலம் 1998-இல், கழகம் கலைந்த அதே ஆண்டில் முடிவுக்கு வந்தது. 1980-களிலிருந்து போரினால் புலம்பெயர்ந்த ஈழத் தமிழர்கள் பெருமளவில் குடியேறிய ஈஸ்ட் ஹாமும் மேனர் பார்க்கும், ராயல் டாக்ஸ் அடங்கிய நியூஹாமில்தான் இருக்கின்றன. மேனர் பார்க் முருகன் கோயிலிலிருந்து ராயல் டாக்ஸ் கரை சில மைல் தூரம். அங்கே வாடகை ஏறினால் அது தமிழ்க் குடும்பங்களின் மாதக் கணக்கிலும் எதிரொலிக்கும்.

ராயல் டாக்ஸ் கதை இன்னும் முடியவில்லை என்பதுதான் இதில் நம்பிக்கை தரும் செய்தி. கேனரி வார்ஃபைப் போல அது ஒரே வீச்சில் விற்றுத் தீரவில்லை. 2000-இல் எக்ஸெல் கண்காட்சி மையம் வந்தது. 2022-இல் லண்டன் மேயரின் நகர மன்றம் அங்கே இடம்பெயர்ந்தது. 2013-இல் ஒரு சீன நிறுவனத்தோடு அறிவித்த பெரும் வணிகப் பூங்கா முதற்கட்டத்தோடு நின்று, கட்டிய கட்டடங்களும் பெரும்பாலும் காலியாகக் கிடந்தன. பின்னர் அந்த ஒப்பந்தமே முடிவுக்கு வந்தது. அங்கே கணிசமான நிலம் இன்றும் லண்டன் பெருநகர ஆணையத்தின் கையில் இருக்கிறது.

அந்த நிலத்துக்கும், இனி எந்த ஊரில் துறை ஓய்ந்தாலும் அங்குள்ள நிலத்துக்கும், டாக்லாண்ட்ஸ் சொல்லித் தரும் பாடம் மூன்று. முதலாவது, பொது நிலத்தை ஒட்டுமொத்தமாக விற்காமல் குத்தகைக்கோ பகுதி பகுதியாகவோ கொடுக்க வேண்டும். ஏறும் மதிப்பில் பொதுமக்களுக்குப் பங்கு வந்துகொண்டிருக்கும். இரண்டாவது, எளியோர் வாடகைக்கு எத்தனை வீடு, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு என்ன பயிற்சி, என்ன வேலை என்பவை விற்பனைப் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். மூன்றாவது, ரயிலும் பள்ளியும் மருத்துவமனையும் கோபுரத்துக்கு முன்பே வர வேண்டும். 1976-இன் திட்டத்துக்கு மனம் இருந்தது, கை இல்லை. 1981-இன் கழகத்துக்குக் கை இருந்தது. அங்கிருந்தவர்களை முதலில் நினைக்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. இந்த இரண்டையும் ஒரே அமைப்பில், ஒரே சட்டத்தில் சேர்த்து வைப்பது அரசால் ஆகக்கூடிய காரியம். அந்தச் சட்டத்தை எழுத வேண்டிய நேரம், நிலம் இன்னும் மலிவாகவும் பொதுக் கையிலும் இருக்கும் நேரம்தான்.